கூண்டில் நின்ற இருவர்

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவற்றில் இரண்டாவதையும் மூன்றாவதையும் அதன் கதாநாயகர் சிறையில் கழித்தார்.

எழுபது ஆண்டு கழித்து, 2014 செப்டம்பர் 27 அன்று, ஸ்ரீரங்கம் தொகுதி தன் சட்டமன்ற உறுப்பினரை இழந்தது. பெங்களூரு பரப்பன அக்ரஹாராவில் வாசிக்கப்பட்ட தீர்ப்பு, பதவியில் இருந்த ஒரு முதலமைச்சரை அதே வளாகத்துச் சிறைக்குள் அனுப்பியது.

காவிரிக்குத் தென்கரையில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர். ஆற்று நடுத்தீவில் இருக்கும் ஸ்ரீரங்கத்தின் பிரதிநிதியாக இருந்த ஜெ. ஜெயலலிதா. இருவரும் திரையில் உச்சத்தைத் தொட்டவர்கள். இருவருக்கும் அந்தந்தக் காலத்தின் மிகச் சிறந்த வழக்கறிஞர்கள் வாய்த்தார்கள். இருவர் வழக்கும் அன்றைக்கு எது உச்சமோ அந்த நீதிமன்றம் வரை போயின. இருந்தும் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்து, கடைசியில் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். மற்றவர் தண்டனைக்குப் பின் சிறையில் இருந்தது மூன்று வாரம். அவருடைய வழக்கில் கடைசித் தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இந்த இருவரில் யார் நல்லவர் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. பெரிய குற்றச்சாட்டு ஒன்று தலைமேல் விழும்போது சட்டம் ஒருவருக்கு என்ன தருகிறது, எப்போது தருகிறது, அதை அவர் எப்படிக் கையாள்கிறார் என்பதே என் அக்கறை. இந்த இரண்டு வழக்குகளைப்போல அதைத் தெளிவாகக் காட்டும் ஜோடி நம் திருச்சி வட்டாரத்தில் வேறில்லை.

மனுவும் கத்தியும்

பாகவதர் 1910 இல் மாயவரத்தில் பிறந்தவர். குடும்பம் திருச்சிக்கு வந்தது. ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபா மேடையில் ஹரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாக நின்ற சிறுவன், 1934 இல் 'பவளக்கொடி' வழியாகத் திரைக்கு வந்து, பத்தே ஆண்டில் யாரும் நெருங்க முடியாத உயரத்துக்குப் போனார்.

சி.என். லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர் நடிகையரின் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கூச்சமில்லாமல் எழுதுவதே அதன் சரக்கு. பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கோவைப் படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் ரத்தானது. லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற பெயரில் மறுபடியும் எழுதத் தொடங்கினார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். காயத்தோடு அவர் முதலில் வக்கீல் நண்பரின் வீட்டுக்குப் போனார், பிறகு பொது மருத்துவமனைக்குப் போனார். நடக்கவும் பேசவும் முடிந்த அந்த மனிதர் மறுநாள் இறந்தார். டிசம்பர் 27 அன்று பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். நாயுடுவையும் போலீஸ் பிடித்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒருவன் நம்மைப் பற்றி அவதூறு எழுதுகிறான். நாம் அதிகாரத்தில் இருப்பவரிடம் முறைப்படி மனுக் கொடுக்கிறோம். அதைவிட நாகரிகமான வழி இல்லை. ஆனால் அவனுக்குப் பின்னால் ஏதாவது நேர்ந்தால், மனுவுக்குள் இருந்த அந்த மனக்கசப்பையே நோக்கம் என்று நம்மேல் வைக்கிறார்கள். பாகவதருக்கு அதுதான் நடந்தது. பகை இருந்தது என்பது குற்றம் செய்ததற்குச் சான்று ஆகாது. அதைச் சொல்வது எளிது. அன்றாடம் செய்தித்தாளில் அவர் பெயரைப் படித்துக்கொண்டிருந்த ஊரை நம்ப வைப்பது கடினம்.

பாகவதர் கத்தியைத் தொட்டார் என்று யாரும் சொல்லவில்லை. சதியில் பங்கு என்பதுதான் குற்றச்சாட்டு. சதிக்குச் சாட்சி யார்? அப்ரூவர். கூட்டாளியாகக் கைதான ஒருவனுக்கு மன்னிப்புக் கொடுத்து, மற்றவர்களுக்கு எதிராகப் பேச வைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவன் யார் கழுத்தையும் காட்டலாம் என்ற பயம் சட்டத்துக்கே உண்டு. 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஒரு பிரிவில் அப்படிப்பட்டவன் சொல்லை வைத்துத் தண்டிக்கலாம் என்றது. இன்னொரு பிரிவில், வேறு சான்று துணை நிற்காவிட்டால் அவனை நம்பத் தகாதவனாகக் கொள்ளலாம் என்றது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் பாகவதர் விழுந்தார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம், துணைச் சான்றோடு கூடிய கூட்டாளியின் வாக்குமூலம் என்று பிரிவு 138 இலேயே எழுதிவிட்டது. நல்ல திருத்தம். எண்பது ஆண்டு தாமதம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னால் ஜூரி வைத்து விசாரணை நடந்தது. நாயுடுவுக்காக கே.எம். முன்ஷி வாதாடினார். நாயுடு விடுதலையானார். மற்ற இருவர் விஷயத்தில் ஒன்பது ஜூரிகளில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். 1945 மே 3 அன்று ஆயுள் தண்டனை. அன்றைய வார்த்தையில் தீவாந்தரம். மூன்று ஜூரிகளுக்கு வந்த சந்தேகம் நியாயமான சந்தேகம் ஆகாதா என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. அன்றைய சட்டத்துக்கு ஆறு பேர் போதும், நீதிபதி ஒத்துக்கொண்டால் சரி.

1943 இல் பிறந்த ஒரு பிரிவு

பாகவதர் கதையைச் சினிமாவாகச் சொல்பவர்கள் லண்டன் வரை போனார்கள், ஜெயித்தார்கள் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அங்கே நடந்தது அதைவிட நுட்பமானது.

உயர் நீதிமன்றமே நேரடியாக ஜூரி வைத்து விசாரித்த வழக்குகளில், சாட்சியத்தை நம்பியது தவறு என்று சொல்லி மேல்முறையீடு செய்யும் வழி நெடுங்காலம் இருக்கவில்லை. 1943 இல்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 411-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நீதிமன்றத்தின் அனுமதியோடு, சாட்சியத்தைப் பற்றியும் கேள்வி எழுப்பலாம் என்று அது வழி திறந்தது. கொலை நடந்தது அதற்கு மறு ஆண்டு. பாகவதரும் கிருஷ்ணனும் அந்தப் புதுக் கதவைத் தட்டினார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு அந்த அதிகாரத்தைக் குறுக்கிப் புரிந்துகொண்டு, ஜூரியின் முடிவில் தலையிடாமல் மனுவைத் தள்ளியது. கதவு இருந்தது, திறக்க ஆள் இல்லை.

லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்தான் அன்று கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம். அது செய்தது இதைத்தான்: அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று அது சொல்லவில்லை. உங்களுக்குச் சட்டம் தந்த அதிகாரத்தை முழுதாகப் பயன்படுத்தி, சாட்சியத்தை நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள் என்று வழக்கைச் சென்னைக்குத் திருப்பி அனுப்பியது. இம்முறை வி.எல். எத்திராஜ் வாதாடினார். நீதிபதிகள் ஹாப்பெலும் ஷகாபுதீனும் அப்ரூவரின் சொல்லை நம்பத் தக்கதல்ல என்று கண்டு, 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தார்கள்.

சாட்சியம் அதே சாட்சியம். 1945 இல் கேட்டதும் 1947 இல் கேட்டதும் ஒன்றே. மாறியது ஒன்றுதான்: அதைப் படிக்க வேண்டியவர் தாமே படித்தார். மேல்முறையீட்டு உரிமை என்றால் உயரமான கட்டடத்தில் இன்னொரு முறை நின்றுவிட்டு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஆவணங்களை முதலிலிருந்து ஒருவர் படித்துப் பார்ப்பார் என்ற உறுதிதான் அது. இந்த ஒரு செய்திக்காகவே பாகவதர் வழக்கைச் சட்டக் கல்லூரிக்கு வெளியேயும் சொல்ல வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

அதற்குள் போனது திரும்பவில்லை. கையில் இருந்த படங்கள் நழுவின. 'ராஜ முக்தி', 'அமரகவி', 'சியாமளா' என்று எடுத்துப் பார்த்தார், பழைய கூட்டம் வரவில்லை. 1959 நவம்பர் 1 அன்று இறந்தார். அவரைத் திருச்சிக்குக் கொண்டுவந்து சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்தார்கள். அதே தீர்ப்பில் வெளியே வந்த கிருஷ்ணன், 'நல்லதம்பி'யும் 'மணமகள்'உம் கொடுத்து மறுபடி எழுந்து நின்றார். விடுதலைத் தீர்ப்பு எல்லாருக்கும் ஒரே அளவு விடுதலையைத் தருவதில்லை. போன பெயரைத் திருப்பித் தரும் பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை.

பதினெட்டு ஆண்டு

இனி அக்கரை: ஜெயலலிதா. 1996 ஜூனில் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த புகாரில் தொடங்கியது சொத்துக் குவிப்பு வழக்கு. 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை வருமானத்துக்கு மேல் 66.65 கோடி ரூபாய் சொத்து என்று 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை. கூடவே குற்றம் சாட்டப்பட்டவர்கள் மூன்று பேர். 2001 இல் ஜெயலலிதா மறுபடி முதலமைச்சர் ஆனார். அவருடைய அரசின் போலீஸே அவருக்கு எதிரான வழக்கை நடத்த வேண்டிய நிலை வந்தது.

அடுத்து நடந்தவற்றை உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர் 18 அன்று அளித்த தீர்ப்பில் வரிசையாகச் சொல்கிறது. ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேர் குறுக்கு விசாரணைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ்சாட்சிகள் என்று அறிவிக்கக்கூடக் கேட்கவில்லை. முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதாவிடம் நீதிபதி நேரில் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு, நேரில் வராமலே எழுத்தில் பதில் சொல்ல அனுமதி கிடைத்தது. அதற்கும் அரசுத் தரப்பு மறுப்புச் சொல்லவில்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் போட்ட மனுவில், இப்படி நடக்கும் விசாரணை நியாயமான விசாரணை ஆகாது என்று சொல்லி வழக்கைப் பெங்களூருக்கு மாற்றினார்கள்.

இதை எழுதும்போது என் மனம் இரண்டாகப் பிரிகிறது. சாட்சியைத் திரும்ப அழைப்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்பதும் உரிமை. மேலே மேலே மனுப் போடுவதும் உரிமை. பாகவதருக்கு இவற்றில் ஒன்றிரண்டாவது உரிய காலத்தில் கிடைத்திருந்தால் அவர் கதை வேறாக இருந்திருக்கும். ஆகவே அந்த உரிமைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒருவரே குற்றம் சாட்டப்பட்டவராகவும் குற்றம் சாட்டும் அரசின் தலைவராகவும் இருந்தால், அந்த உரிமைகளுக்கு எதிரே நின்று பிடிக்க வேண்டிய கை தளர்ந்துபோகிறது. நியாயமான விசாரணை என்பது கூண்டில் நிற்பவருக்கு மட்டும் உரியதல்ல. ஊருக்கும் அதில் பங்கு உண்டு. 2003 இன் தீர்ப்பு சொன்னது அதைத்தான்.

பெங்களூரில் காற்று மாறியது. நேரில் வராமல் இருக்க ஜெயலலிதா மறுபடியும் கேட்டார், உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. 2011 அக்டோபரிலும் நவம்பரிலுமாக நான்கு நாள் சிறப்பு நீதிமன்றத்தில் நின்று 1,339 கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் ஸ்ரீரங்கம் அவரை 41,848 வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்திருந்தது.

இந்தக் கேள்வி நேரத்தைப் பற்றி நம் மக்களுக்குத் தெரிந்தது குறைவு. அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும், உனக்கு எதிராக இன்னின்னது வந்திருக்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்பார். பழைய சட்டத்தில் பிரிவு 313, புதிய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 351. சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுக்கலாம். மறுத்ததற்காகத் தண்டனை இல்லை. சொன்ன பதிலை நீதிபதி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். வழக்கு முழுவதிலும் வக்கீலின் வாய் வழியாக அல்லாமல், குற்றம் சாட்டப்பட்டவர் தம் வாயாலேயே நீதிபதியோடு பேசும் இடம் இது. நம் நீதிமன்றங்களில் பல பேர் வக்கீல் கண்ணைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் 'பொய்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு இறங்குகிறார்கள். தம் கணக்கைச் சொல்ல ஒன்று இருக்கிறவர் அந்த இடத்தை வீணாக்கக் கூடாது.

2014 இல் நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. உச்ச நீதிமன்றம் அக்டோபர் 17 அன்று கொடுத்தது, மறுநாள் வெளியே வந்தார். 2015 மே 11 அன்று உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில்தான் கடன் தொகைகளைக் கூட்டியதில் பிழை. 10.67 கோடி வர வேண்டிய இடத்தில் 24.17 கோடி என்று இருந்தது. அந்தத் தொகையை வைத்துக் கணக்கிட்டதில், வருமானத்துக்கு மேற்பட்ட சொத்து 8.12 சதவீதம் மட்டுமே என்று ஆகி, பத்து சதவீதத்துக்கு உள்ளே இருப்பதால் குற்றமில்லை என்று முடிந்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. மற்ற மூவர் சிறைக்குப் போனார்கள். 2016 டிசம்பர் 5 அன்றே இறந்துவிட்ட ஜெயலலிதாவைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போனது.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

இரண்டு வழக்கிலும் முதல் மேல்முறையீடுதான் சறுக்கியது. 1945 இல் உயர் நீதிமன்றம் படிக்க வேண்டியதை முழுதாகப் படிக்கவில்லை. 2015 இல் கூட்டியதைச் சரிபார்க்கவில்லை. ஒன்று குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதகமாகப் போனது, மற்றொன்று சாதகமாக. இரண்டையும் மேலே இருந்த நீதிமன்றம் திருத்தியது. மேலே ஒரு படி இருப்பது யாருக்கு நல்லது என்ற கேள்விக்கு, உண்மைக்கு நல்லது என்பதே என் பதில்.

வேறுபாடு பெரும்பாலும் காலத்தில் இருக்கிறது. கொலை நடந்து ஆறு மாதத்துக்குள் பாகவதருக்கு ஆயுள் தண்டனை வந்துவிட்டது. முன்ஜாமீன் என்ற சொல்லே அன்று சட்டத்தில் கிடையாது. குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை தராவிட்டால் ஜாமீன் என்ற விதியும் கிடையாது. இரண்டும் 1973 ஆம் ஆண்டின் சட்டத்தோடு வந்தவை. கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலை வைத்துக்கொள்ள விட வேண்டும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 22 ஆம் பிரிவும் அன்று இல்லை. அவசரத்தில் போன நீதியைப் பின்னால் இருந்து இழுத்துப் பிடிக்க 1943 இன் ஒற்றைப் பிரிவுதான் இருந்தது. ஜெயலலிதா வழக்கில் எல்லாம் இருந்தது, அளவுக்கு மேல் காலமும் இருந்தது. குற்றப்பத்திரிகையிலிருந்து விசாரணை நீதிமன்றத் தீர்ப்புக்கு பதினேழு ஆண்டு. அந்தக் காலத்தில் ஒரு குழந்தை பிறந்து கல்லூரி வாசலுக்குப் போய்விடும்.

இன்னொரு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாகவதர் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் பலவீனமானவர், அரசு பலமானது. மற்றதில் சில ஆண்டுகளுக்கு அது தலைகீழாக இருந்தது. சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கும் பாதுகாப்புகள் எல்லாம் முதல் நிலையை மனத்தில் வைத்து எழுதியவை. தெருவில் இருந்து ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகப்படும் சாதாரண மனிதனுக்காக எழுதியவை. அவனுக்கு அவை போய்ச் சேர்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

திருவளர்ச்சோலையிலிருந்து ஒரு சான்று

2012 மார்ச் 29 அன்று தில்லை நகரில் நடைப்பயிற்சிக்குப் போன தொழிலதிபர் கே.என். ராமஜெயம், ஸ்ரீரங்கம் பக்கத்தில் திருவளர்ச்சோலையில் பிணமாகக் கிடந்தார். சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ., சிறப்புப் புலனாய்வுக் குழு என்று வழக்கு கை மாறியது. 2022 இன் இறுதியில் சிலருக்கு உண்மை கண்டறியும் சோதனை நடத்த வேண்டும் என்று திருச்சி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். 2010 மே மாதத்தில் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையை யார்மேலும் திணிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதனால் ஒவ்வொருவரையும் நேரில் வரவழைத்துச் சம்மதம் கேட்டார்கள். பன்னிரண்டு பேர் சம்மதித்தார்கள். ஒருவர் மறுத்தார். மறுத்தவர் குற்றவாளி ஆகிவிடவில்லை.

பாகவதர் காலத்துத் திருச்சிக்கும் நம் காலத்துத் திருச்சிக்கும் இடையில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம் என்பதை இந்தச் சின்னச் சம்பவம் எனக்குக் காட்டியது. ஊரே விடை கேட்டுக் காத்திருந்த கொலை வழக்கில், ஒரு மனிதர் நீதிமன்றத்தில் நின்று 'எனக்குச் சம்மதம் இல்லை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடிந்தது.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால்

'ஒரு சின்ன விசாரணை, வந்துட்டுப் போங்க' என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். போகாமல் ஒளிவது தவறு, தனியாகப் போவதும் தவறு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றமானால், கைது தேவையில்லாதபோது எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்ல வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 35 சொல்கிறது. வரச் சொன்னால் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். உங்கள்மேல் எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம். சில உணர்வுபூர்வமான வழக்குகள் மட்டும் அதில் வராது. கைது ஆகும் என்று நம்பக் காரணம் இருந்தால் முன்ஜாமீனுக்குத் திருச்சி அமர்வு நீதிமன்றம், அங்கே மறுத்தால் மதுரைக் கிளை. 2004 முதல் நம் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் மதுரையில்தான்.

கைது செய்தால், காரணத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். எந்தக் குற்றமானாலும் தர வேண்டும், உடனே முடியாவிட்டால், காவலில் வைக்கும் உத்தரவுக்காக (ரிமாண்ட்) மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் சொல்லும் ஒருவருக்குக் கைது பற்றித் தகவல் போக வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெயர், விலாசம் சொல்லுங்கள். குற்றத்தைப் பற்றி வக்கீல் வரும்வரை பேச வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போலீஸிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் நீங்கள் காட்டிக்கொடுத்துப் பொருள் ஏதும் கிடைத்தால், அந்த அளவுக்கு மட்டும் அது உள்ளே வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகார் கொடுத்தவர் வீட்டுக்கோ சாட்சி வீட்டுக்கோ 'பேசித் தீர்க்க' யாரையும் அனுப்பாதீர்கள். மிரட்டினார்கள் என்று இன்னொரு வழக்கு வரும், கிடைத்த ஜாமீனும் போகும். வாட்ஸாப்பில் நியாயம் பேசி நீண்ட பதிவு போடாதீர்கள். அன்று எங்கே இருந்தீர்கள் என்பதற்கான டிக்கெட், பில், கேமராப் பதிவு ஆகியவற்றை முதல் வாரத்திலேயே சேருங்கள். கடைகளில் கேமராப் பதிவு நாள் போகப் போக அழிந்துவிடும்.

உள்ளே இருப்பவருக்கு நாள் கணக்கு முக்கியம். 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. கேட்டால்தான் கிடைக்கும். அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

பணமில்லை என்பது தடையல்ல. 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானத்தைப் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வெளியே இருந்தாலும் உண்டு. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். முன்ஷியும் எத்திராஜும் எல்லாருக்கும் கிடைக்க மாட்டார்கள். முதல் நாளே ஒரு வக்கீல் பக்கத்தில் நிற்பது எல்லாருக்கும் கிடைக்கும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ரிமாண்டுக்குப் பிறகு கோவில்பட்டி கிளைச்சிறையில் இருந்தபோது காயங்களோடு மருத்துவமனைக்குப் போய் இறந்தார்கள். அப்படிப்பட்ட காயங்களை ஒருவர் கேட்டறிய வேண்டிய இடம் ரிமாண்ட். அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மாஜிஸ்திரேட் உங்கள் முகத்தைப் பார்த்து, அடித்தார்களா, கைதுக்குக் காரணம் தெரியுமா, வக்கீல் இருக்கிறாரா என்று கேட்பார். கேட்க வேண்டியது அவர் கடமை. ஸ்டேஷனில் நீங்கள் பேசாமல் இருக்கலாம். அந்த இடத்தில் மட்டும் பயப்படாமல், உடம்பில் இருக்கும் காயத்தைக் காட்டி, நடந்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.